கல்யாணக் கவுனும் ஒயரில்லா மிஷினும்

இராயபுரத்தில் வெள்ளைத் துணி விற்கிறவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் பேசிக்கொள்வார்கள். வெள்ளத்துரை பைத்தியக்காரர் இல்லை.

சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஊர்க்காரர்கள் எல்லாம் மளிகை, பாத்திரம், இரும்பு என்று கடை போட்டபோது, இவர் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையைப் பிடித்து, வெள்ளையைத் தவிர வேறு நிறம் உள்ளே வராது என்று உட்கார்ந்துவிட்டார். கல்யாணக் கவுன், முக்காட்டு வலை, கையுறை, ஞானஸ்நானச் சட்டை, முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை உடுப்பு, சிஸ்டர்மார் அங்கி, சாமியார்மார் அங்கி, வேட்டி. பெயர்ப்பலகையில் ஒரு பரிசுத்தவானின் பெயர் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அது வெள்ளைக்கடைதான்.

கடைக்குச் சத்துரு காற்று. துறைமுகத்தில் கரி மலை மலையாகக் குவிந்து கிடந்த காலம் அது. அந்தப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் போதும், கரித்தூள் வந்து இறங்கும். மொட்டை மாடியில் காயும் வற்றலில் இறங்கும், வண்டி சீட்டில் இறங்கும், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். வெள்ளத்துரையால் விட முடியவில்லை. அது சாதாரண மண்தூசி மாதிரி தட்டினால் போகிற ஜாதி இல்லை. கையால் துடைத்தால் கோடு விழும். தண்ணீர் பட்டால் மை. கோழிச் சிறகுக் குச்சியால் தட்டினால் இந்தக் கவுனிலிருந்து எழும்பி அந்தக் கவுனில் உட்காரும்.

இந்தச் சங்கடத்தை வியாபாரமாக மாற்றிக்கொண்டிருந்தவள் சங்கமித்ரா. எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்து வருபவள், கடையில் விற்பனைக்கு இருந்த ஒரே ஆள். வாடிக்கையாளர் யாராவது கவுனைத் தடவிப் பார்த்துவிட்டு விரலைத் திருப்பிக் காட்டினால் அவள் முகம் மாறாது. இது வெள்ளை இல்லை, ஐவரி, யானைத் தந்த நிறம், இப்போது எல்லோரும் ஐவரிதான் கேட்கிறார்கள் என்பாள். ரொம்ப நாள் தொங்கிய உருப்படியாக இருந்தால் 'டார்க் ஐவரி' என்பாள். வெள்ளத்துரை அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் விற்றுவிடுகிறாளே, என்ன செய்வது.

ஒருநாள் டை கட்டிய ஒரு விற்பனையாளர் வந்தார். வேக்குவம் கிளீனர் என்று ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளத்துரையை எழுந்திருக்கச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த மெத்தையிலேயே ஓட்டினார். பிறகு அதன் வயிற்றைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். கறுப்பாக ஒரு குவியல் விழுந்தது. இத்தனை வருஷம் அதன் மேலா உட்கார்ந்திருந்தோம் என்று வெள்ளத்துரைக்கு உடம்பு கூசியது. அன்றைக்கே வாங்கிவிட்டார்.

மிஷின் தண்ணீர்க் குடம் அளவு இருந்தது. யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். ஓட ஆரம்பித்தால் எதிரே கமாலுதீனின் சோடாக்கடை ரேடியோ கேட்காது. உறிஞ்சுவதில் குறை சொல்ல முடியாது. வினை அதன் வாலில் இருந்தது. கடையில் இருந்த ஒரே பிளக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதிலிருந்து ஒயர், அது கவுண்டரைச் சுற்றி, அலமாரியைச் சுற்றி, வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் சங்கமித்ரா விற்பனையை விட்டுவிட்டு வாசலில் நின்று, வருகிறவர்களிடம் ஒயர் கீது, ஒயர் கீது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அது நடந்தது. வாசல் படிக்கு மேலே ஒரு பெண் பொம்மைக்குக் கடையிலேயே நல்ல கவுனை உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். வெள்ளத்துரை மிஷினை இழுத்துக்கொண்டு பின்பக்க அலமாரிக்குப் போனார். ஒயர் பொம்மையின் காலைச் சுற்றியிருந்ததை அவர் பார்க்கவில்லை. மிஷின் வர மறுத்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். பொம்மை கும்பிடு போடுவது போல முன்னால் சாய்ந்து, படியில் புரண்டு, ரோட்டில் குப்புற விழுந்தது. அப்போதுதான் ஒரு மீன் வண்டி ஐஸ் தண்ணீரை வழியெல்லாம் ஒழுகவிட்டுப் போயிருந்தது.

கல்யாணப் பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று தெரு முழுக்க நினைத்தது. ஒரு அம்மா யார் பெற்ற பிள்ளையோ என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த கமாலுதீன், கையில் இருந்த சோடாவோடு ஓடிவந்து முகத்தில் அடித்தார். கண் திறக்கவில்லை என்றதும் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். கை மட்டும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில், சத்தம் கேட்காமல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளத்துரைக்கே விஷயம் எட்டியது. குழாயும் கையுமாக அவர் வெளியே வந்து நின்றபோது, கூட்டம் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

கவுன் போனது போனதுதான். மீன் நாற்றத்தை எந்த ஐவரியிலும் சேர்க்க முடியாது. கமாலுதீன் பல நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளத்துரை மிஷினைப் பரணில் ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். இனி என் கடையில் எந்த மிஷினும் தூசி எடுக்காது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சிறகுக் குச்சி திரும்ப வந்தது.

அவருடைய மனைவி தேவகிருபை கடைக்கு மேலேயே குடியிருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய அக்கா மகன் ஜெனிஷ் கப்பலில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது சித்திக்கென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே இஸ்திரிப் பெட்டி மாதிரி கைப்பிடியும், பன்றிக்குட்டி மாதிரி மூக்குமாக ஒரு சாமான். சுவரில் ஒரு தாங்கி. ராத்திரி அதில் மாட்டிவிட்டால் சார்ஜ் ஏறிக்கொள்ளும், காலையில் எடுத்தால் ஒயர் இல்லாமல் ஓடும், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்று விளக்கினான்.

வெள்ளத்துரை அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். ஒயர் எங்கே என்றார். இல்லை என்றான் ஜெனிஷ். ஒயர் இல்லாமல் ஓடுவது டார்ச் லைட்டும் பொம்மைக் காரும்தான், அதற்கெல்லாம் கரியை உறிஞ்சத் தெம்பு ஏது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உள்ளுக்குள்ளே வேறு காரணம் இருந்தது. தெருவே கேட்கச் சொன்ன வார்த்தையை எப்படி விழுங்குவது?

"சவத்தை மேலயே வச்சுக்க. கீழ கடைக்குக் கொண்டாந்துராத" என்றார் மனைவியிடம்.

தேவகிருபை அப்படியே செய்தாள். மேலேயே வைத்துக்கொண்டாள். முதலில் ஜன்னல் கம்பிகள். பிறகு மின்விசிறி இறக்கைகள். அதற்கு ஸ்டூலில் ஏறி ஒரு கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மிஷினோடு வேலை முடித்தாள். பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வெல்ல டப்பாவைச் சுற்றி வரிசை கட்டிய எறும்பு. எறும்புகள் போன இடம் தெரியவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஒவ்வொரு படியாகச் சுத்தம் செய்வதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. தும்பிக்கை மிஷினைப் படியில் உருட்டினால் அது நமக்கு முன்னால் கீழே போய்விடும். இது சொன்ன இடத்தில் நின்றது.

கீழே கடைசிப் படியோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு அந்தப் பக்கம் கடை. கடைக்குள் வெள்ளத்துரை குச்சியால் தட்டிக்கொண்டிருப்பார். அவர் கிளப்பும் தூசி படிக்கு வரும். அவள் மறுபடி மேலே போய் ஆரம்பிப்பாள். ஆனால் தன் வேட்டிக் கரை இப்போதெல்லாம் மாடியில் கறுப்பதில்லை என்று வெள்ளத்துரைக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்த மே மாதம் பிரகாசி வந்தாள். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு வைத்திருந்தவரின் ஒரே மகள். சங்கமித்ரா ஐவரி என்று வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஐவரி கதையெல்லாம் தன் சித்தி பெண்ணின் கல்யாணத்திலேயே கேட்டுவிட்டதாகவும், தனக்குப் பால் மாதிரி வெள்ளையில், பின்னால் நீளமாகத் தரையில் இழுபடுகிற மாதிரி வேண்டும் என்றும் சொன்னாள். வெள்ளத்துரைக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. வெள்ளையை வெள்ளையாகக் கேட்டு ஒரு ஆள் வந்து எவ்வளவு நாள் ஆயிற்று. தானே பக்கத்தில் நின்று தைக்க வைத்தார். முத்து வைத்த கழுத்து, பூவேலை செய்த கை, பின்னால் புடவை நீளத்துக்கு வால். தைத்து முடிந்ததும் போர்வைக்குள் போர்வையாகச் சுற்றி வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் சங்கமித்ராவையும் அழைத்துக்கொண்டு, பிரகாசியின் வீட்டுக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கட்டிலில் விரித்துப் போட்டார். பெண்ணுக்கு உள்ளறையில் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. வீடு நிறைய ஜனம், மே மாத வெயில். யாரோ புண்ணியவான் புழுக்கம் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். காற்றும் அந்த நேரத்தில்தான் திரும்பியது.

பிரகாசி பாதி அலங்காரத்தோடு எழுந்து வந்தபோது பால் கவுன் மேல் எள்ளுப்பொடி தூவியது போல இருந்தது. அவளுடைய அத்தை பதறிப்போய்த் துண்டால் ஒரு தட்டுத் தட்டினாள். இடுப்பில் விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அம்மா ஈரத் துணி கொண்டுவர ஓடினாள். சங்கமித்ரா கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"யாரும் கை வெக்காத. தண்ணி பட்ச்சினா மொத்தமும் கலீஜாய்டும்."

பிரகாசி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கண் மை கன்னத்தில் இறங்கியது. வெளியே பேண்டு செட்டுக்காரர்கள் வந்து இறங்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தன்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று வெள்ளத்துரைக்கு இருந்தது. அவள் கவுனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ரா அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, அக்காகிட்ட அந்த குட்டி மிசின் கீதே. அத்த எட்த்துகினு வரட்டா?"

வெள்ளத்துரை நாலு பேர் கேட்கச் சொன்ன வார்த்தையை ஒரு கணம் நினைத்தார். பிறகு அழுகிற பெண்ணைப் பார்த்தார். நீ இங்கேயே காவல் நில் என்று சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு தானே போனார்.

தேவகிருபை அவர் மாடியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டாள். இப்போது மட்டும் இந்தச் சவம் வேண்டுமா என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கேட்கவில்லை. மிஷினைத் தாங்கியிலிருந்து கழற்றி, மெல்லிய பிரஷ் மூக்கைப் பொருத்திக் கொடுத்தாள்.

"ராத்திரி பூரா சார்ஜ் ஏறிருக்கு. ஆனா சும்மா சும்மா ஓட்டாதிய, நின்னுரும். அங்க கரண்டும் இல்லன்னு சொல்லுதிய" என்றாள்.

கல்யாண வீட்டில் சங்கமித்ரா முக்காட்டு வலையில் மிச்சம் இருந்த துண்டை மிஷினின் வாயில் கட்டினாள், முத்தை விழுங்கிவிடக் கூடாது என்று. வெள்ளத்துரை பொத்தானை அழுத்தினார். கரண்ட் இல்லாத வீட்டில் அந்த மிஷின் ஓடியதைக் கண்டு, உள்ளே இருந்த கூட்டமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. மிஷின் போன வழியெல்லாம் வெள்ளை திரும்ப வந்தது. கழுத்து, கை, மடிப்புக்குள் மடிப்பு. பிரகாசி அழுவதை நிறுத்திவிட்டு, இங்கே ஒன்று இருக்கிறது, அங்கே ஒன்று இருக்கிறது என்று விரல் நீட்ட ஆரம்பித்தாள். அத்தை போட்ட கோடு மட்டும் போகவில்லை. அதன் மேல் சங்கமித்ரா ஒரு துணி ரோஜாவை வைத்துத் தைத்தாள். அத்தை அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வரவில்லை.

கவுனை உடுத்தி வாசலுக்கு வந்தால் அடுத்த சோதனை. கோயில் இரண்டு தெரு தள்ளி. காரில் போய்விடலாம் என்று வெள்ளத்துரை கெஞ்சிப் பார்த்தார். லாஞ்சுக்காரர் ஒப்பவில்லை. என் மகள் இந்தத் தெருவில் நடந்து போவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் பேண்டு செட்டே சொன்னேன் என்றார். காற்று நிற்கவில்லை. தெருமுனையில் கரி லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிஷினோடு பெண்ணின் பின்னால் போய் நின்றார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, நடுவில் அப்பாவின் கையைப் பிடித்தபடி பிரகாசி, பின்னால் கவுன் வாலைத் தூக்கிப் பிடித்தபடி சங்கமித்ரா, அவளுக்குப் பக்கத்தில் குனிந்தபடி வெள்ளத்துரை. சார்ஜ் மிச்சம் பிடிக்க வேண்டுமே. காற்று வீசியதும் சங்கமித்ரா "போடு அண்ணாச்சி" என்பாள். அவர் ஓட்டுவார். காற்று நின்றதும் நிறுத்துவார். மிஷின் சத்தம் கேட்டு ஒரு தெருநாய் சேர்ந்துகொண்டது. அது மிஷின் ஓடும்போது குரைத்தது, நிறுத்தினால் நிறுத்தியது. கிளாரினெட் வாசித்தவர் தன் ஆட்களில் யாரோ தாளம் தப்புகிறார்கள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பி முறைத்தார்.

மாடிகளில் நின்ற பெண்கள் அது செண்டு அடிக்கிற மிஷினா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் சங்கமித்ரா. வீடியோக்காரர் ஓடி ஓடி வந்து, கொஞ்சம் விலகுங்கள், பெண்ணைத் தனியாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெள்ளத்துரைக்குக் காதில் விழுந்தால்தானே. அவர் கண் அந்த வெள்ளையை விட்டு நகரவில்லை. இடுப்பு வலித்தது, வேர்வை கண்ணில் இறங்கியது. இருந்தும் பல வருஷத்துக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது. அவர் கடையிலிருந்து போன ஒரு கவுன், போனபடியே தெருவில் நடந்துகொண்டிருந்தது.

கோயில் படியை எட்டும்போது மிஷினின் குரல் இறங்கத் தொடங்கியது. கடைசியாக ஒரு முறை வாலை நீளவாக்கில் ஓட்டிவிட்டு வெள்ளத்துரை நிமிர்ந்தார். வாசலில் பாதிரியார் வெள்ளை அங்கியோடு காத்திருந்தார். அதுவும் வெள்ளைக்கடை அங்கிதான். ரொம்ப நேரமாகக் காற்றில் நின்றிருந்ததால் இரண்டு தோளிலும் கரி அப்பியிருந்தது. பால் போன்ற பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் அடுப்பு ஊதிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

பிரகாசி அவரைப் பார்த்தாள், திரும்பி வெள்ளத்துரையைப் பார்த்தாள்.

"சாமிக்கும் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

பாதிரியார் என்ன ஏதென்று தெரியாமலே மரியாதையாகத் தலையைக் குனிந்தார். வெள்ளத்துரை வலது தோளை முடித்தார். இடது தோளுக்கு மாறும்போது மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பொத்தானை அமுக்கினார், உள்ளங்கையால் தட்டினார், ஒன்றும் ஆகவில்லை. பாதிரியார் ஒரு பக்கம் வெளுப்பும் ஒரு பக்கம் கறுப்புமாக நின்றார். பேண்டுக்காரர்களில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு பாதிரியாரே தன் தோள் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிரகாசி சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவி, சங்கமித்ரா ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, பிரகாசி புருஷனோடு கடைக்கு வந்து கல்யாண சி.டி. ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாடியில் போட்டுப் பார்த்தார்கள். பெண் வருகிற காட்சியிலெல்லாம் பின்னால் வெள்ளத்துரை இருந்தார். முகம் எங்கேயும் இல்லை, குனிந்த முதுகு மட்டும். கவுன் திரையில் கண்ணைப் பறித்தது. அவருடைய வெள்ளைச் சட்டையோ வீட்டு வாசலிலிருந்து கோயில் வரைக்கும் ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போனது.

தேவகிருபை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"டார்க் ஐவரில போயிருக்கிய" என்றாள்.

வெள்ளத்துரைக்குக் கோபம் வரவில்லை. கோயில் வாசல் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். அதைப் பார்த்து முடித்ததும், நாளையிலிருந்து மிஷினைக் கடைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. தேவகிருபை விரலை மடக்கி நிபந்தனைகளை எண்ணினாள். பகலில் கடைக்கு, கடை சாத்தியதும் மேலே வந்துவிட வேண்டும், சார்ஜ் தீர்த்துவிட்டுக் கொடுக்கக் கூடாது, அதன் வயிற்றைக் கழுவுவது உங்கள் வேலை என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வெள்ளைக்கடையில் ஐவரி என்ற சொல் கேட்கவில்லை. சங்கமித்ராவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு விற்பனைக்கு நடுவில் மிஷினை இடுப்பில் சொருகிக்கொண்டு அலமாரி உச்சிவரை ஏறுவாள். வாசலில் யாரும் காவல் நிற்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணக் கவுன் எடுக்க வருகிற பெண்கள் துணியைப் பார்ப்பதற்கு முன்னால், அண்ணாச்சி மிஷினோடு கூட வருவாரா என்று கேட்டார்கள். வெள்ளத்துரை முடியாது, இடுப்பு வலி என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். முகூர்த்த நாள் வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு அடுத்தபடி அவரைத்தான் கவனித்தார்கள். முதல் பந்தியில் பிரியாணி அவர் இலைக்குத்தான் வந்தது.

அந்த வருஷக் கடைசிக்குள் அவருக்குக் குனிவது சிரமமாகிவிட்டது. வயிறு இடித்தது. தேவகிருபை அடுத்த கப்பலில் நீளக் கைப்பிடி வைத்த மாடல் வருகிறதா என்று ஜெனிஷுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.